கொம்புக்குப் பக்கம் இல்லை

சென்ற மாதம் ஒரு நாள் நடுநிசிக்கு மேல் என் கம்ப்யூட்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கொம்புக்குக் கையேட்டில் பக்கம் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த உத்தரவு என்ன என்பது போல் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

கொம்பு என்றால் என்ன, அதற்குப் பக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்கிறேன். அதற்கு முன்னால் கையேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் இருப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர். யூனிக்ஸ் என்ற பழைய குடும்பத்தின் வழியில் வந்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஏதாவது ஓர் உத்தரவு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், 'மேன்' என்று அடித்து, பக்கத்தில் அந்த உத்தரவின் பெயரை அடித்தால் போதும். அதைப் பற்றிய பக்கம் திரையில் வந்து நிற்கும். மேன் என்பது 'மேனுவல்', அதாவது கையேடு என்பதன் குறுக்கம். பெயர் என்ன, எப்படி எழுத வேண்டும், என்ன செய்யும், வேறு எதைப் பார்க்கலாம் என்று தலைப்புத் தலைப்பாக இருக்கும். அலங்காரம் கிடையாது. பஞ்சாங்கம் மாதிரி. பஞ்சாங்கத்தை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. ஆனால் அது இல்லாத வீட்டில் ஒரு காரியம் நடக்காது.

இந்தக் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் யூனிக்ஸை உண்டாக்கிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதினார்கள். அதிலேயே உத்தரவுகளுக்கு ஒரு பிரிவு, கோப்புகளின் அமைப்புக்கு ஒரு பிரிவு என்று ஏழு பிரிவுகள் இருந்தன. உத்தரவுகளுக்கு முதற்பிரிவு என்று அன்று வைத்த வரிசைதான் இன்றும் என் மேஜை மேல் இருக்கிற இயந்திரத்தில் நடக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தப் பக்கங்களில் இருந்த ஒரு தலைப்பு: 'பிழைகள்'. இந்த உத்தரவில் இன்ன கோளாறு இருக்கிறது, இது சரியாக வராது, இது ஏன் என்று புரியவில்லை என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டு அச்சிட்டார்கள். தன் நாவலின் கடைசிப் பக்கத்தில் 'பிழைகள்' என்று தலைப்பிட்டு, 'பதினேழாம் அத்தியாயத்தில் கதாநாயகி அழுவதற்குக் காரணம் போதவில்லை' என்று எழுதிய நாவலாசிரியர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம். நான் அப்படிச் செய்ததில்லை. செய்தால் பக்கங்கள் போதாது.

அதே கூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய் இந்தக் கையேட்டின் மேல் மிகுந்த அக்கறை கொண்டவர். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் எல்லாரும் பரபரப்பாக வேலை செய்வார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். காரணம் வேடிக்கையானது. ஒரு கோணல் சமாசாரத்தை விளக்கி எழுத உட்கார்ந்தால், 'இதைப் போய் எப்படி அச்சில் போடுவது!' என்று வெட்கமாகிவிடும். உடனே எழுந்து போய் அந்தக் கோணலையே நிமிர்த்திவிட்டு வந்து எழுதுவார்களாம். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றதும் ஒட்டடை அடிக்கிறோமே, அதைப் போலத்தான்.

இவ்வளவு ஒழுங்கான குடும்பத்தில் 'பக்கம் இல்லை' என்ற பதில் எப்படி வருகிறது? பல விதமாக வருகிறது.

'சிடி' என்று ஓர் உத்தரவு. ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்குப் போவதற்கு. தினம் நூறு தடவை அடிப்பது. என் இயந்திரத்தில் அதற்குப் பக்கம் கேட்டால், இல்லை என்கிறது. சோறு எப்படி வடிப்பது என்று சொல்லாத சமையல் புத்தகம் போல இருக்கிறதே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. விசாரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு கதை இருக்கிறது.

யூனிக்ஸில் நாம் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிற நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். பெரும்பாலான வேலைகளை அது தானாகப் போய்ச் செய்யாது. ஒரு பிள்ளையைப் பெற்று அனுப்பும். பிள்ளை போய் வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும். இந்த ஏற்பாடு பிடிபி-7 என்ற பழைய இயந்திரத்தில் முதன்முதலாக வந்தபோது, அடைவு மாற்றும் உத்தரவு திடீரென்று வேலை செய்யாமல் போயிற்று. நிரலைப் படித்துப் படித்துப் பார்த்தும், வெகு நேரம் கவலையோடு யோசித்தும்தான் காரணம் புரிந்தது என்று ரிட்சி பிற்பாடு எழுதினார். பிள்ளை சொன்ன சொல் தட்டாமல் அடுத்த அறைக்குப் போகிறது. போன இடத்திலேயே மறைந்து போகிறது. தகப்பன் இருந்த இடத்திலேயே இருக்கிறான்! ஆகவே இந்த வேலையைப் பிள்ளையிடம் விடாமல் ஷெல் தானே செய்துகொள்ள வேண்டும் என்று ஆயிற்று. தனி நிரல் இல்லை. எனவே பல இயந்திரங்களில் தனிப் பக்கமும் இல்லை. ஷெல்லின் மிக நீண்ட பக்கத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. 'ஹெல்ப் சிடி' என்று கேட்டால் அதுவே வாய் திறந்து சொல்கிறது.

இதில் ஓர் ஆச்சரியம். 1971-ஆம் வருஷக் கையேட்டில் இதே உத்தரவு 'சிஎச்டிர்' என்ற பெயரில் இருந்தது. அதற்குத் தனிப் பக்கமும் இருந்தது. ஏன் ஷெல்லே இதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்ற காரணமும் அதில் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த பக்கம் இன்று என் இயந்திரத்தில் இல்லை.

இன்னொரு வகை, வேண்டுமென்றே எடுத்துவிடுவது. ஏதோ ஒரு தூரதேசத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் சர்வர்களுக்காக உபுண்டுவைச் சுருக்கி ஒரு சிறு பதிப்பு தருகிறார்கள். அதில் மேன் என்று கேட்டால், மனிதர்கள் உள்ளே வந்து உட்காராத இயந்திரம் இது, ஆகையால் தேவையில்லாததை எல்லாம் நீக்கியிருக்கிறோம், வேண்டுமானால் இன்ன உத்தரவு கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்கிறது. இதில் குறை சொல்ல முடியாது. ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எதற்கு?

குனூ திட்டத்துக்காரர்களோ வேறொரு பெரிய கையேட்டு முறையை உண்டாக்கி, அதிலேதான் முழு விவரம் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய உத்தரவுகள் பலவற்றின் பக்கத்துக்குப் போனால், சுருக்கத்தைச் சொல்லிவிட்டு, முழுவதும் அங்கே இருக்கிறது, அங்கே போங்கள் என்று கை காட்டும். சர்க்கார் ஆபீஸில் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்வார்களே, அந்த மாதிரி.

டெபியன் என்ற லினக்ஸைப் பராமரிக்கிறவர்கள் ரொம்பக் கண்டிப்பானவர்கள். ஒவ்வொரு நிரலுக்கும் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஒரு பிழை என்பது அவர்கள் சட்டம். இருந்தும் ஒரு காலத்தில் அவர்களுக்கே சமாளிக்க முடியவில்லை. ஆகவே ஒரு யுக்தி செய்தார்கள். 'இதற்கு உபயோகமான பக்கம் எதுவும் இல்லை' என்று சொல்வதற்காகவே ஒரு பக்கம் எழுதி, பக்கம் இல்லாத நிரல்களை எல்லாம் அதனோடு முடிச்சுப் போட்டார்கள். இல்லை என்பதற்கு ஒரு பக்கம்! பிற்பாடு அது சரியல்ல என்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, தொண்டர்கள் உட்கார்ந்து உண்மையான பக்கங்களை எழுதினார்கள். வேறொருவர் செய்த நிரலுக்குத் தாம் பக்கம் எழுதினால், டெபியனுக்காக எழுதியது, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்து வைக்கிறார்கள். தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்களின் மனசு அது.

தண்ணீர்ப் பந்தலுக்கும் பானை வாங்கப் பணம் வேண்டும். லினக்ஸின் உள் விவகாரங்களுக்குப் பக்கம் எழுதும் திட்டத்தின் பொறுப்பாளர், சம்பளம் இல்லாமல் இனிமேல் தொடர முடியாது என்று 2024 செப்டம்பரில் அறிவித்து வேலையை நிறுத்தினார். உலகத்தில் பாதி அந்த லினக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு சில பெரிய கம்பெனிகள் சேர்ந்து பணம் கொடுக்க ஒப்புக்கொண்டன. வேலை மறுபடி தொடங்கியது.

நான் நடுநிசிக்கு மேல் கேள்வி கேட்டதாகச் சொன்னேன் அல்லவா? அதற்கும் ஒரு பழைய வேடிக்கை உண்டு. இந்த மேன் நிரலுக்குள் அதைப் பராமரித்து வந்தவர் 2011-இல் ஒரு குறும்பு வைத்திருந்தார். சரியாக இரவு 12.30 மணிக்கு, எதற்குப் பக்கம் வேண்டும் என்று சொல்லாமல் வெறுமனே மேன் என்று அடித்தால், 'தா, தா, தா' என்று அது ஆங்கிலத்தில் முனகும். ஆபா குழுவினரின் 1979-ஆம் வருஷப் பாட்டு ஒன்றின் தலைப்பில், நடுநிசிக்கு மேல் ஒரு 'மேன்' வேண்டும் என்று வருகிறது. அதை வைத்துச் செய்த சிலேடை. 2017-இல் ஒருவர் தம்முடைய சோதனைகள் நடுராத்திரியில் மட்டும் தவறிப் போவது ஏன் என்று துருவிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டு, குறும்பு நீக்கப்பட்டது. ஆகையால் அன்று இரவு என் இயந்திரம் முனகவில்லை. பக்கம் இல்லை என்று மட்டும்தான் சொல்லிற்று.

இனிக் கொம்புக்கு வருகிறேன்.

திருநெல்வேலியில் எனக்கு ஓர் அண்ணாச்சி இருந்தார். சிறு வயசில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். ஈயம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, அவர் வயசுக்காரர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் ஒரு பழைய இயந்திரத்தை வாங்கிப் போட்டு, இரண்டு விரலால் தட்டித் தட்டி எல்லாம் கற்றுக்கொண்டார். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து இரண்டு சிறுகதைகளைத் தின்றுவிட்ட பிறகு, ஒரு குறுந்தட்டோடு வந்து லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

நான் 2001-இல் எழுதிய ஒரு நாவல் டிஸ்கி என்ற பழைய முறையில் இருந்தது. இன்று எல்லாம் யூனிகோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகக் கொம்பில் இருக்கிறது. 'கெ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, பிறகுதான் ககரம். டிஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைத்துக்கொள்ளும். யூனிகோடு காதில் விழுகிற வரிசையில், முதலில் ககரம், பிறகு கொம்பு என்று வைத்துக்கொள்ளும். ஒன்றை மற்றொன்றாக்க, கொம்பை எல்லா இடத்திலும் பிடுங்கிப் பின்னால் நட வேண்டும். அண்ணாச்சி இதற்கென்று பர்ல் மொழியில் ஒரு நிரல் எழுதினார். அதற்குத்தான் கொம்பு என்று பெயர். எனக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார்.

"இதற்கு மேன் பக்கம் எழுதக் கூடாதா, அண்ணாச்சி?" என்று ஒரு தடவை கேட்டேன். எனக்கு அப்போதுதான் மேன் பக்கங்களின் மேல் புதுக் காதல்.

"என்ன தம்பி, நாலு வரி சாமானுக்குப் போய்ப் பக்கம் எழுதச் சொல்லுதீய! ஏதாவது ஒண்ணுன்னா ஒரு போன் போட்டாப் போதும்லா? நான் எங்க போயிரப் போறேன்?" என்றார்.

வாஸ்தவம்தான். கையேட்டைவிட மனிதர் சௌகரியம். கேட்டால் பதில் வரும், கூடவே காபியும் வரும். அந்த நாவலை மாற்றுகிற வேலை மட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதத்தில் அண்ணாச்சி காலமானார்.

சென்ற மாதம் ஒரு பதிப்பாளர் அந்த நாவலுக்கு மறுபதிப்புப் போடுகிறேன், கோப்பை அனுப்புங்கள் என்றார். நான் கொம்பை ஏவினேன். ஒரு விநாடியில் முன்னூறு பக்க நாவலையும் மாற்றிக் கொடுத்துவிட்டது. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'வெளியே' என்ற சொல்லில் கொம்பும் ளகரமும் கைகோத்து ஔகாரமாகிவிட்டன. அடுத்து வர வேண்டிய இகரக் கொக்கி, பிடித்துக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிற்று. 'வெளிச்சம்', 'தெளிவு', 'நெளிந்து' எல்லாம் அதே கதி. நாவல் முழுவதும் வெளிச்சமே இல்லை.

குற்றம் கொம்புடையது மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் 'கௌரி' என்று அடிக்க வேண்டிய இடத்தில், திரையில் ஒரே மாதிரிதானே தெரிகிறது என்று, கொம்பு, ககரம், பிறகு சாதாரண ளகரம் என்று அடிக்கிற சோம்பல் எல்லாருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆகவே நிரல் கண்ட இடத்தில் எல்லாம் ளகரத்தை ஔகாரமாக்கியது. ஆனால் அண்ணாச்சி செய்தால் இப்படி வராது. அவர் உத்தரவோடு கூட ஏதோ ஓர் எழுத்தைச் சேர்த்து அடிப்பார், பார்த்திருக்கிறேன். என்ன எழுத்து என்று கவனித்ததில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தேன்.

மேன் கொம்பு என்று அடித்தேன். பக்கம் இல்லை. 'ஹெல்ப்' என்று கேட்டேன். ஹெல்ப் என்று ஒரு கோப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அப்படிக் கோப்பு இல்லை என்றது. கை, யோசனை இல்லாமல், பக்கத்தில் இருந்த போனை எடுத்தது. அந்த எண் இன்னும் அதில் இருக்கிறது. எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

வேறு வழி இல்லாமல் நிரலையே திறந்து படித்தேன். எனக்குப் பர்ல் தெரியாது. அதைத் தெரிந்தவர்களுக்கும் படிக்கச் சிரமம் என்பார்கள். ஆனால் நடுநடுவே, இயந்திரம் கவனிக்காமல் தாண்டிப் போகும்படி குறியிட்ட வரிகளில், அண்ணாச்சி தமக்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். 'முதல் நாள் செஞ்சது. அவசரம்' என்று ஒன்று. அதற்குக் கீழே, தேடிய எழுத்து கிடைத்தது. கே. 'கே என்றால் கேள்' என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார். கே சேர்த்து ஏவினால், ளகரத்துக்குப் பின்னால் கொக்கியோ வேறு குறியோ இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால் ளகரத்தைத் தொடாது. எதுவும் இல்லாமல் வெறும் ளகரமாக நின்றால் தானாக ஒன்றும் செய்யாது. நின்று, இது எது என்று நம்மைக் கேட்கும். அந்த இடத்தில் இன்னொரு குறிப்பு இருந்தது:

'தம்பி நாவல்ல கெளவி உண்டு. கௌவியும் உண்டு. ரெண்டும் வேற. கேட்டு மாத்து.'

நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் நாவலில் ஒரு கிழவி வருகிறாள். பேச்சில் எல்லாரும் அவளைக் 'கெளவி' என்பார்கள். அதே நாவலில் ஓரிடத்தில் ஒரு நாய் செருப்பைக் கௌவிக்கொண்டு ஓடும். நான் அடித்த கோப்பில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரிதான் இருந்தன. இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த இயந்திர விதியும் போதாது. கதையைப் படித்த ஒருவர்தான் சொல்ல முடியும். அண்ணாச்சி படித்திருக்கிறார். படித்தேன் என்றும் சொன்னதில்லை, எப்படி இருந்தது என்றும் சொன்னதில்லை. அவருடைய அபிப்பிராயம் என்ன என்று ரொம்ப நாளாக எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. அது இந்த வரியிலும் இல்லை. ஆனால் கெளவி கெளவியாகவே இருக்க வேண்டும் என்று நினைத்து இதற்கென்று ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்.

கே சேர்த்து ஏவினேன். அது ஒவ்வோர் இடமாக நின்று கேட்டது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். விடிகிற நேரத்துக்கு முடிந்தது.

மறுநாள் கொம்புக்கு ஒரு மேன் பக்கம் எழுத உட்கார்ந்தேன். அது பெரிய வித்தை அல்ல. புள்ளி வைத்துத் தொடங்கும் வரிகளில் தலைப்பு இன்னது, பத்தி இன்னது என்று சொல்ல வேண்டும். 1964-இல் 'ரன்ஆஃப்' என்ற நிரலில் வந்த புள்ளி வழக்கம். வழிவழியாக இன்னும் இருக்கிறது. ஈய எழுத்துக் கோத்தவருக்கு அது பிடித்திருக்கும். பெயர் எழுதினேன். எப்படி ஏவுவது என்று எழுதினேன். கே என்ற எழுத்து என்ன செய்யும் என்று எழுதும்போது, மெக்கில்ராய் சொன்ன வெட்கம் எனக்கும் வந்தது. கே சேர்த்தால்தான் சரியாக வரும் என்றால், சேர்க்காமலே சரியாக வரும்படி நிரலைத் திருத்திவிட்டால் என்ன? திருத்தக் கை வரவில்லை. பர்ல் தெரியாது என்பது ஒரு காரணம். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆகவே 'பிழைகள்' என்ற தலைப்பின் கீழ், கே இல்லாமல் ஏவினால் நாவலில் வெளிச்சம் போய்விடும் என்று எழுதி வைத்தேன். 'ஆசிரியர்' என்ற தலைப்பில் அண்ணாச்சியின் பெயரைப் போட்டேன். பக்கம் எழுதியது நான், மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று டெபியன்காரர்களைப் போல ஒரு வரி சேர்த்தேன்.

கடைசித் தலைப்பு, 'இதையும் பார்க்க' என்பது. சம்பந்தப்பட்ட வேறு பக்கங்களின் பெயர்களை அங்கே எழுதுவது வழக்கம். கொம்புக்கு உறவு என்று வேறு எதுவும் என் இயந்திரத்தில் இல்லை. ஜங்ஷன் பக்கத்தில் இருந்த அண்ணாச்சியின் கடை முகவரியை எழுதலாமா என்று தோன்றிற்று. அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்தத் தலைப்பை அடித்துவிட்டுக் கோப்பை மூடினேன்.

பிறகு ஒரு தடவை 'மேன் கொம்பு' என்று அடித்துப் பார்த்தேன். பக்கம் வந்தது.